கரிபியன் பவளப்பாறைகளில் ஸ்கூபா முக்குளிப்பு

கரிபியன் பவளப்பாறைகளில் ஸ்கூபா முக்குளிப்பு என்பது கரிபியன் கடலிலும் அதனை அடுத்துள்ள பஹாமாஸ், புளோரிடா கடற்பகுதிகளிலும் காற்று உருளையும் சுவாசக் கருவியும் அணிந்து பவளப்பாறைகளினிடையே நீந்துவதைக் குறிக்கும். பொழுதுபோக்கு, அறிவியல் ஆய்வு, பாறைச் சீரமைப்பு ஆகிய மூன்று நோக்கங்களுக்காகவும் இது மேற்கொள்ளப்படுகிறது. இலங்கைத் தமிழில் முக்குளிப்போர் சுழியோடிகள் எனவும், பவளப்பாறை முருகைக்கற்பாறை எனவும் வழங்கப்படும்.

1970களில் இருந்து இப்பகுதியின் பாறைகளில் உயிருள்ள பவளங்களின் பரப்பு பெருமளவு குறைந்துள்ளது. இவ்வீழ்ச்சியும் ஸ்கூபா முக்குளிப்பின் வளர்ச்சியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தவை. எனினும் வீழ்ச்சிக்கு முக்குளிப்பு முதன்மைக் காரணம் அன்று. நோய்கள், கடல்நீர் வெப்பமடைதல், அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு, கரையிலிருந்து வரும் கழிவுநீரும் வண்டலும் ஆகியவையே முதன்மைக் காரணங்கள் ஆகும். முக்குளிப்பு இவ்வழிவுக்குச் சிறிய அளவில் துணைபோகிறது. அதேவேளை அழிவைக் கண்டறிந்து பதிவு செய்யும் வழியாகவும், பாதுகாப்புக்கான நிதியையும் உழைப்பையும் தரும் ஊற்றாகவும் அதுவே விளங்குகிறது.

புவியியலும் பவளங்களும்

கரிபியன் கடலின் பரப்பளவு சுமார் 27.5 இலட்சம் சதுர கிலோமீட்டர் ஆகும். மெக்சிகோவின் யுக்கட்டான் மூவலந்தீவில் தொடங்கி பெலீஸ், குவாத்தமாலா கடற்கரைகள் வழியாக ஹொண்டுராசின் வளைகுடாத் தீவுகள் வரை சுமார் 1,000 கிலோமீட்டர் நீளத்திற்குப் பரந்துள்ள மீசோ அமெரிக்கப் பவளத்தொடர் இங்குள்ளவற்றுள் மிகப் பெரியது. இதன் ஒரு பகுதியான பெலீஸ் தடுப்புப் பவளத்தொடர் 1996-இல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. 2009 முதல் 2018 வரை இது ஆபத்திலுள்ள களங்களின் பட்டியலில் இடம்பெற்றிருந்தது.

பாறையைக் கட்டும் பவள உயிரிகளின் திசுக்களுக்குள் நுண்ணிய ஒருசெல் பாசிகள் வாழ்கின்றன. இப்பாசிகள் ஒளிச்சேர்க்கை மூலம் உருவாக்கும் உணவே பவளத்தின் முதன்மை ஆற்றல் மூலமாகும். ஆகவே இவ்வகைப் பவளங்கள் ஒளி நன்கு ஊடுருவும் ஆழம் குறைந்த நீரிலேயே செழித்து வளர்கின்றன. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையாகக் கொள்ளப்படும் 40 மீட்டர் ஆழத்திற்குள் இப்பாறைகளின் செழிப்பான பகுதி பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. தொடக்கநிலைப் பயிற்சி பெற்றவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் 18 மீட்டர் எல்லைக்குள்ளேயே பல பாறைகளின் மிக வளமான பகுதிகளைக் காணலாம்.

கரிபியன் பாறைகளின் மேற்பகுதியை முன்னர் இரண்டு பவள இனங்கள் கட்டியமைத்தன. அகன்ற கிளைகளைக் கொண்ட எல்க்மான் கொம்புப் பவளம் (அக்ரோபோரா பால்மாட்டா) அலை மோதும் ஆழமற்ற பகுதியிலும், மெல்லிய கிளைகளைக் கொண்ட கலைமான் கொம்புப் பவளம் (அக்ரோபோரா செர்விகார்னிஸ்) சற்று ஆழமான பகுதியிலும் அடர்ந்த புதர்க்காடுகள் போல் வளர்ந்திருந்தன. இவற்றுக்குக் கீழே மூளைப் பவளம், தூண் பவளம், பெரிய குன்று வடிவ நட்சத்திரப் பவளங்கள் ஆகியவை காணப்படும்.

முக்குளிப்பின் வரலாறு

ஆஸ்திரிய உயிரியலாளரான ஹான்ஸ் ஹாஸ் 1939-இல் குராசோ, பொனெய்ர் தீவுகளுக்குச் சென்று, மூச்சடக்கி மூழ்கி நீரடி ஒளிப்படங்களை எடுத்தார். 1943-இல் பிரான்சில் ஜாக் குஸ்தோவும் எமில் கன்யானும் தேவைக்கேற்பக் காற்றை வழங்கும் சீராக்கியை உருவாக்கினர். இதன் பின்னரே நீரடியில் நீண்ட நேரம் தங்கிப் பார்ப்பது பலருக்கும் இயலக்கூடியதாயிற்று.

ஜமேக்காவில் 1950களில் தாமஸ் கோரோ என்னும் ஆய்வாளர் ஸ்கூபா கருவியைப் பவள ஆய்வுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். அதுவரை படகிலிருந்து வாரியெடுத்த துண்டுகளைக் கொண்டே ஆராயப்பட்ட பவளங்களை, அவை வளரும் இடத்திலேயே கண்டு வரைபடமாக்கும் முறை இதனால் வளர்ந்தது. அவர் முயற்சியால் உருவான டிஸ்கவரி விரிகுடா கடல் ஆய்வகம் பிற்காலத்தில் கரிபியன் பாறைகளின் வீழ்ச்சியைப் புரிந்துகொள்வதற்கான முக்கிய ஆய்விடமாக அமைந்தது.

வணிக முறையிலான முக்குளிப்பும் இதே காலத்தில் தோன்றியது. கேமன் தீவுகளில் பாப் சோட்டோ 1957-இல் முக்குளிப்பு நிலையம் ஒன்றை நிறுவினார். 1962-இல் பொனெய்ர் தீவை வந்தடைந்த டான் ஸ்டூவர்ட் அங்கு முக்குளிப்புச் சுற்றுலாவுக்கு வித்திட்டார். குஸ்தோ 1971-இல் தம் கலிப்சோ கப்பலில் பெலீசின் பெரும் நீலக்குழிக்குச் சென்றது அவ்விடத்தை உலகறியச் செய்தது.

பவளப்பாறைகளின் வீழ்ச்சி

2003-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கரிபியன் பாறைகளில் உயிருள்ள பவளத்தின் சராசரிப் பரப்பு மூன்று பத்தாண்டுகளில் சுமார் 50 விழுக்காட்டிலிருந்து சுமார் 10 விழுக்காடாகக் குறைந்தது. 2014-இல் வெளியான உலகப் பவளப்பாறைக் கண்காணிப்பு வலையமைப்பின் விரிவான அறிக்கை, 34.8 விழுக்காட்டிலிருந்து 16.3 விழுக்காடாகக் குறைந்ததாகக் கணக்கிட்டது. எடுத்துக்கொண்ட இடங்களும் காலமும் வேறுபடுவதால் எண்கள் வேறுபடினும், வீழ்ச்சியின் போக்கில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

வெண்பட்டை நோய்

1970களின் பிற்பகுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் வெண்பட்டை நோய் இரு கொம்புப் பவள இனங்களையும் தாக்கியது. கிளையின் அடியிலிருந்து நுனி நோக்கித் திசு உரிந்து வெண்ணிறப் பட்டையாகத் தோன்றுவதால் இப்பெயர் பெற்றது. பல இடங்களில் இவ்வினங்களின் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி அழிந்தது. இவை 2006-இல் ஐக்கிய அமெரிக்காவின் அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புப் பெற்றன.

கடல் முள்ளெலிகளின் அழிவு

நீண்ட முட்களைக் கொண்ட டயாடெமா அண்டிலாரம் என்னும் கரிய கடல் முள்ளெலி, பாறைமேல் படரும் பாசியை மேய்ந்து பவளக் குஞ்சுகள் பற்றி வளர இடம் ஏற்படுத்துகிறது. 1983-இல் பனாமா அருகே தொடங்கிய கொள்ளைநோய் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் கரிபியன் முழுவதும் பரவி, பாதிக்கப்பட்ட இடங்களில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட முள்ளெலிகளைக் கொன்றது. அதன் காரணி இன்றளவும் உறுதிப்படவில்லை. ஓரளவு மீண்டுவந்த இவ்வினம் 2022-இல் மீண்டும் பெருமளவில் மடிந்தது. இம்முறை நுண்ணிய இழைகளால் நீந்தும் ஒருசெல் உயிரி ஒன்றே காரணம் என 2023-இல் கண்டறியப்பட்டது.

ஜமேக்காவின் நிலை

பல காரணிகள் ஒன்று சேரும்போது பாறை எவ்வாறு சரிகிறது என்பதற்கு ஜமேக்காவின் வடகரை எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. அங்குப் பாசியை மேயும் கிளிமீன்கள் நெடுங்காலமாகக் கூடுகளாலும் வலைகளாலும் மிகையாகப் பிடிக்கப்பட்டிருந்தன. எனினும் முள்ளெலிகள் மேய்ச்சல் பணியைச் செய்துவந்ததால் குறை வெளிப்படவில்லை. 1980-இல் ஆலன் சூறாவளி கிளைப் பவளங்களை நொறுக்கியது. மூன்றாண்டுகள் கழித்து முள்ளெலிகளும் மடிந்தபோது மேய்வதற்கு எவ்வுயிரும் எஞ்சவில்லை. சூறாவளிக்குப் பின் பவளங்கள் மீண்டும் வளரவேண்டிய இடத்தைப் பாசி பிடித்துக்கொண்டது. 1977-இல் 52 விழுக்காடாக இருந்த பவளப் பரப்பு 1993-இல் 3 விழுக்காடாகவும், 4 விழுக்காடாக இருந்த பாசிப் பரப்பு 92 விழுக்காடாகவும் மாறியதை டெரன்ஸ் ஹியூஸ் 1994-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

வெளிறல்

கடல்நீரின் வெப்பநிலை வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 பாகை செல்சியசு அளவு உயர்ந்து சில வாரங்கள் நீடித்தாலே, பவளங்கள் தம் திசுக்களிலுள்ள பாசிகளை வெளியேற்றிவிடுகின்றன. நிறம் தரும் பாசி நீங்கியதும் திசுவினூடாக வெண்ணிறச் சுண்ணக்கூடு தெரிவதால் இது வெளிறல் எனப்படுகிறது. வெளிறிய பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. வெப்பம் விரைவில் தணிந்தால் மீளவும் கூடும். ஆயினும் அது பட்டினியால் நலிந்து நோய்க்கு எளிதில் இரையாகிறது. 2005-இல் ஏற்பட்ட வெளிறலுக்கும் அதைத் தொடர்ந்த நோய்க்கும் பின்னர் அமெரிக்கக் கன்னித் தீவுகளில் ஆராயப்பட்ட பாறைகள் தம் பவளப் பரப்பில் சுமார் 60 விழுக்காட்டை இழந்தன. அவற்றுள் தேசியப் பூங்கா எல்லைக்குள் இருந்த பாறைகளும் அடங்கும்.

2023-ஆம் ஆண்டின் கோடை இதனினும் கடுமையானது. அவ்வாண்டு சூலை மாதம் புளோரிடாவின் மேனட்டி விரிகுடாவில் ஆழமற்ற நீரில் 38.4 பாகை செல்சியசு பதிவானது. உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்வு நடைபெற்று வருவதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. புளோரிடா கீஸ் தீவுக்கூட்டத்தில் இரு கொம்புப் பவள இனங்களும் ஏறக்குறைய முற்றாக மடிந்தன. புளோரிடாவின் பாறைகளில் தம் சூழலியல் பணியை ஆற்ற இயலாத அளவுக்கு அவை அருகிவிட்டன என 2025-இல் வெளியான ஆய்வு ஒன்று முடிவு செய்தது.

கல்பவளத் திசு இழப்பு நோய்

2014-இல் மயாமி அருகே முதன்முதலில் காணப்பட்ட இந்நோய் இருபதுக்கும் மேற்பட்ட பவள இனங்களைத் தாக்குகிறது. நூற்றாண்டுகளாக வளர்ந்த பவளக் குன்றுகள்கூடச் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடுகின்றன. 2018-இல் ஜமேக்கா, மெக்சிகோ ஆகியவற்றிலும், 2019-இல் பெலீசிலும், 2020-இல் கேமன் தீவுகளிலும், 2023-இல் பொனெய்ரிலும் இது கண்டறியப்பட்டது. நீரோட்டம், கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிச்செல்லும் நீர் ஆகியவை வழியாகப் பரவுவதாகக் கருதப்படுகிறது. நோய்க்கு ஆளாகும் தூண் பவளம் 2022-இல் மிக அருகிய இனமாக வகைப்படுத்தப்பட்டது.

முக்குளிப்போரால் ஏற்படும் பாதிப்பு

பவளத்தின் உயிர்த்திசு சுண்ணக்கூட்டின் மேல் மெல்லிய தோல் போன்று படர்ந்திருக்கும். கை படுதல், துடுப்புக் காலணி உரசுதல், தொங்கும் கருவிகள் மோதுதல் ஆகியவற்றால் இத்திசு சிதைகிறது. கிளைப் பவளங்கள் முறிகின்றன. துடுப்பசைவால் கிளம்பும் மணல் பவளத்தின் மேல் படிகிறது. படகுகளின் நங்கூரம் ஒரே நேரத்தில் பல பவளக் கூட்டங்களை நொறுக்கக்கூடியது. கரையோர விடுதிகளின் கழிவுநீரும் சுற்றுலாவின் மறைமுகப் பாதிப்பில் சேரும்.

செயிண்ட் லூசியா தீவில் 353 முக்குளிப்போரை நீரடியில் பின்தொடர்ந்து நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. அதன் முக்கிய முடிவுகள் வருமாறு:

• ஒளிப்படக் கருவி வைத்திருந்தோர் நிமிடத்துக்குச் சராசரியாக 0.4 முறையும், மற்றவர்கள் 0.1 முறையும் பாறையைத் தொட்டனர்.
• இரவு முக்குளிப்பில் நிமிடத்துக்கு 1.0 முறையும், பகலில் 0.4 முறையும் தொடுகை நிகழ்ந்தது.
• பாறையைத் தொட வேண்டாம் என முன்கூட்டியே ஒரு வரியில் கூறியதால் எந்தப் பயனும் ஏற்படவில்லை.
• தொடுவதைக் கண்ட வழிகாட்டி நீரடியிலேயே குறுக்கிட்டுத் திருத்தியபோது தொடுகை நிமிடத்துக்கு 0.3 முறையிலிருந்து 0.1 முறையாகக் குறைந்தது.

ஒருவர் ஒரு முக்குளிப்பில் செய்யும் சேதம் சிறிதாயினும், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் இறங்கும்போது அது திரள்கிறது. பொனெய்ரில் நடைபெற்ற ஆய்வொன்று 1993-இல், ஓரிடத்தில் ஆண்டுக்கு 4,000 முதல் 6,000 முக்குளிப்புகளுக்கு மேல் நிகழ்ந்தால் பாதிப்பு வெளிப்படத் தொடங்குகிறது என மதிப்பிட்டது. இவ்வெல்லை எல்லா இடங்களுக்கும் ஒரே அளவாகப் பொருந்துவதன்று. நோயாலும் வெப்பத்தாலும் முன்னரே நலிந்த பாறை, நலமுள்ள பாறையைக் காட்டிலும் குறைவான உராய்வையே தாங்கும்.

பாதுகாப்பு நடவடிக்கைகள்

பொனெய்ர்

தென் கரிபியனிலுள்ள பொனெய்ர், முக்குளிப்பைக் கொண்டே பாறைகளைக் காக்க முயன்ற தீவுகளுள் முன்னோடியாகும். இங்கு 1971-இல் ஈட்டியால் மீன் குத்துவது தடைசெய்யப்பட்டது. 1979-இல் கரையின் உயர்நீர் மட்டத்திலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும் கடல் பூங்காவாக்கப்பட்டது. நங்கூரமிடுவதற்கு மாற்றாக நிலையான மிதவைகள் அமைக்கப்பட்டன. பணப் பற்றாக்குறையால் தளர்ந்திருந்த பூங்கா, 1992-இல் முக்குளிப்போர் ஒவ்வொருவரிடமும் ஆண்டுக்கு 10 அமெரிக்க டாலர் கட்டணம் பெறத் தொடங்கியபின் தன் செலவைத் தானே ஈடுசெய்யும் நிலையை எட்டியது. கையுறை அணிவதற்குத் தடை உள்ளது. கையுறை இல்லாதவர் எதையும் பற்றத் தயங்குவர் என்பதே இதன் காரணம். 2010-இல் கிளிமீன் பிடிப்பும் தடைசெய்யப்பட்டது. கரையிலிருந்தே இறங்கக்கூடிய இடங்கள் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களால் அடையாளமிடப்பட்டுள்ளன. 2014 அறிக்கை, மற்ற இடங்களைவிடப் பவளப் பரப்பு மிகுந்திருந்த இடங்களுள் ஒன்றாகப் பொனெய்ரைக் குறிப்பிட்டது. ஆயினும் 2023-இல் வெளிறலும் திசு இழப்பு நோயும் இப்பூங்காவையும் எட்டின.

பிற இடங்கள்

• சபா: 1987-இல் நிறுவப்பட்ட கடல் பூங்கா முக்குளிப்போர் கட்டணத்தைத் தன் வருவாயில் முதன்மையாகக் கொண்டது.
• பெலீஸ்: 2009-இல் கிளிமீன் முதலிய தாவர உண்ணி மீன்களைப் பிடிப்பது தடைசெய்யப்பட்டது.
• கியூபா: அரசியின் தோட்டம் எனப் பொருள்படும் ஹார்தினஸ் டி லா ரெய்னா தீவுக்கூட்டத்தில் முக்குளிப்போர் எண்ணிக்கை மட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இது 2010-இல் தேசியப் பூங்காவானது.
• மெக்சிகோ: 2019-இல் திசு இழப்பு நோயை முன்னிட்டு கோசுமெல் தீவின் பாறைகள் சில பார்வையாளர்களுக்குத் தற்காலிகமாக மூடப்பட்டன.
• கிரெனடா: 2006-இல் மொலினியர் விரிகுடாவில் நீரடிச் சிற்பப் பூங்கா அமைக்கப்பட்டது. இயற்கைப் பாறைகளின் மீதான நெரிசலைக் குறைப்பது இத்தகைய முயற்சிகளின் நோக்கங்களுள் ஒன்றாகும். கேமன் தீவுகளில் 2011-இல் கிட்டிவேக் என்னும் பழைய கடற்படைக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டதும் இவ்வகையினது.

கடல் பூங்காவால் மீன்பிடிப்பையும் நங்கூரத்தையும் முக்குளிப்போரையும் கட்டுப்படுத்த இயலும். கடல்நீரின் வெப்பத்தைத் தடுக்க இயலாது. ஆகவே உள்ளூர்ப் பாதுகாப்பின் பயன் எவ்வளவு என்பது ஆய்வாளரிடையே விவாதத்துக்குரியதாக உள்ளது. மேயும் மீன்கள் மிகுந்த பாறை வெளிறலுக்குப் பின் பாசியால் மூடப்படாமல் மீள வாய்ப்பு அதிகம் என ஒரு சாராரும், திரும்பத் திரும்ப வரும் வெப்ப அலைகள் அவ்வாய்ப்பைப் பறித்துவிடும் என மற்றொரு சாராரும் கருதுகின்றனர்.

முக்குளிப்போரின் பங்களிப்பு

ஐக்கிய அமெரிக்காவில் 1990-இல் தொடங்கப்பட்ட ரீஃப் என்னும் அமைப்பு, 1993 முதல் தன்னார்வ முக்குளிப்போர் தாம் கண்ட மீன்களைப் பட்டியலிட்டு அனுப்பும் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. இந்தியப் பெருங்கடலையும் பசிபிக் பெருங்கடலையும் தாயகமாகக் கொண்ட சிங்கமீன், 1985-இல் புளோரிடா அருகே காணப்பட்டுப் பின்னர் கரிபியன் முழுவதும் பரவிச் சிறு மீன்களை உண்டழிக்கத் தொடங்கியது. முக்குளிப்போர் அனுப்பிய தகவல்கள் இப்பரவலை அறிய உதவின. ஈட்டி தடைசெய்யப்பட்ட பூங்காக்களிலும் சிங்கமீனைக் குத்துவதற்கு மட்டும் பயிற்சி பெற்றோருக்கு அனுமதி வழங்கப்பட்டது. எனினும் முக்குளிப்போர் இறங்காத ஆழங்களில் இம்மீன் தொடர்ந்து பெருகுகிறது.

திசு இழப்பு நோயால் தாக்கப்பட்ட பவளங்களில், நோயின் விளிம்பில் அமோக்சிசிலின் கலந்த பசையை முக்குளிப்போர் கையால் பூசுகின்றனர். இது பூசிய இடத்தில் நோயைப் பெரும்பாலும் நிறுத்தினாலும், புதிய நோய்த்தொற்றைத் தடுப்பதில்லை.

முறிந்த கொம்புப் பவளத் துண்டுகளை நீரடி நாற்றங்கால்களில் தொங்கவிட்டு வளர்த்துப் பாறையில் நடும் பணி புளோரிடாவிலும் பல தீவுகளிலும் நடைபெறுகிறது. பெலீசின் லாஃபிங் பேர்ட் தீவில் 2006 முதல் நடப்பட்ட பவளங்கள் அடர்ந்து வளர்ந்தன. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் முழுநிலவுக்குப் பிந்தைய சில இரவுகளில் பவளங்கள் ஒருசேரக் கருமுட்டைகளையும் விந்தணுக்களையும் வெளியிடும்போது அவற்றைச் சேகரித்து ஆய்வகத்தில் வளர்க்கும் முறையும் உள்ளது. 2023 வெப்ப அலையின்போது புளோரிடாவில் முக்குளிப்போர் நாற்றங்கால் பவளங்களைக் கடலிலிருந்து எடுத்துக் கரையிலுள்ள தொட்டிகளுக்கு மாற்றினர். நாற்றங்காலால் இனத்தைக் காத்துவைக்க இயலுமேயன்றி, நீர் குளிராதவரை பாறையை மீட்க இயலாது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

மாறும் அளவுகோல்

மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995-இல் முன்வைத்த கருத்தின்படி, ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் கண்ட இயற்கையையே முழுமையானது எனக் கொண்டு, அதிலிருந்து குறைவதை மட்டுமே இழப்பாகக் கருதுகிறது. கரிபியன் முக்குளிப்புக்கு இது பெரிதும் பொருந்தும். கடற்பஞ்சுகளும் கடல்விசிறிகளும் வண்ண மீன்களும் நிறைந்த பாறையில் முதன்முறை இறங்குபவருக்கு அது வளமானதாகவே தோன்றும். அங்கு முன்பிருந்த கொம்புப் பவளக் காட்டை அவர் அறியார். கரிபியன் துறவிச் சீல் என்னும் கடற்பாலூட்டி கடைசியாக 1952-இல் உறுதியாகக் காணப்பட்டது. 2008-இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. இன்றைய முக்குளிப்போர் எவரும் அதனை நீரில் கண்டிருக்க இயலாது.

பழைய ஒளிப்படங்கள் இம்மறதியை ஓரளவு ஈடுசெய்கின்றன. புளோரிடாவின் கீ வெஸ்ட் துறையில் சுற்றுலாப் பயணிகள் தாம் பிடித்த மீன்களுடன் எடுத்துக்கொண்ட படங்களை ஒப்பிட்ட ஆய்வு, மீனின் சராசரி எடை 1956-இல் 19.9 கிலோகிராமாகவும் 2007-இல் 2.3 கிலோகிராமாகவும் இருந்ததைக் கண்டது. இரு காலத்துப் படங்களிலும் பயணிகள் மகிழ்ச்சியுடனே காணப்படுகின்றனர். இதனாலேயே முக்குளிப்போர் இடம், நாள், ஆழம் ஆகியவற்றைக் குறித்து வைக்கும் படங்களும் பதிவேடுகளும் பொழுதுபோக்கு நினைவு என்பதைக் கடந்து சான்றாகவும் மதிக்கப்படுகின்றன.

முக்குளிப்போர் கடைப்பிடிக்கும் நெறிகள்

• மிதப்பைச் சீராக்கும் பயிற்சியை மணற்பரப்பின் மேல் முடித்த பின்னரே பாறையை அணுகுதல்.
• அளவிகள், மாற்றுச் சுவாசக் குழாய் போன்றவற்றைத் தொங்கவிடாமல் உடலோடு இணைத்தல்.
• பாறையைத் தொடாமலும், அதன்மேல் நிற்காமலும், எதையும் எடுக்காமலும் இருத்தல்.
• நங்கூரமிடாமல் மிதவையில் படகைக் கட்டும் நிலையங்களைத் தெரிவு செய்தல்.
• நோய் பரவிய இடத்தில் பயன்படுத்திய கருவிகளை வேறிடத்தில் இறங்குமுன் கிருமிநீக்கம் செய்தல்.
• பவளங்களுக்குத் தீங்கு தரும் ஆக்சிபென்சோன் கலந்த வெயில்காப்புக் களிம்பைத் தவிர்த்தல். அமெரிக்கக் கன்னித் தீவுகளில் இதன் விற்பனை 2020 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

இவற்றையும் பார்க்க

• பவளப்பாறை
• பவள வெளிறல்
• கரிபியன் கடல்
• பெலீஸ் தடுப்புப் பவளத்தொடர்
• ஜாக் குஸ்தோ